இரண்டாம் முறையும் அக்கி

டிக்கோயா:
எனக்கு முதல் அக்கி வந்தது வலப்பக்க இடுப்பில், தேயிலைக் கொழுந்துக்குப் போகும்போது படங்கு என்னும் முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டும் இடத்தில். கொப்புளம் கண்டதும் மாமியார் காவிமண் குழைத்து அக்கி எழுதினார். கொப்புள வரிசையின் இரு முனையும் முதுகில் சேர்ந்துவிட்டால் உயிர் போய்விடும் என்று அடுத்த லயத்து (தோட்ட வரிசை வீட்டு) அக்கா வேறு பயமுறுத்தினார். எழுதிய சிவப்பின் மேலேயே படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். ஒரு நாள் பேர், அதாவது வேலைநாள் கணக்கு, போனால் சம்பளத்தில் தெரியுமே. ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மருந்துக்கு நேரம் தவறியிருந்தது. புண் மூன்று வாரத்தில் ஆறியது. எரிச்சல் ஐந்து மாதம் இருந்தது. பாவாடை நாடா பட்டாலே தீச்சுட்டது போலிருக்கும்.

நான்கு வருடம் கழித்து இடது மார்பில் ஊசி குத்துவது போல் வலி. மாரடைப்பு என்று வீடே அழுதது. ஈசிஜி எடுத்தார்கள், குறையில்லை. வாயுவுக்கு மாத்திரை தந்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் குளிக்கும்போது அதே பக்க விலாவில் நாலைந்து முத்துகள். இந்த முறை மாமியாருக்குக் காட்டவில்லை, நேரே ஹட்டன் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் மருந்து நன்றாக வேலை செய்யும் என்று சொல்லி, டாக்டர் அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் கொடுத்தார். நாளுக்கு ஐந்து வேளை, 7 நாள். சொல்ல எளிது, கூடையோடு தண்ணீர்ப் போத்தலையும் சுமந்து திரிந்தேன்.

சின்ன வயதில் சின்னம்மை போட்ட கிருமி நரம்பின் வேரில் படுத்திருக்குமாம். உடம்பு தளரும்போது ஒரு நரம்பின் வழியே எழுந்து வருமாம், அதனால்தான் ஒரு பக்கத்தோடு நிற்கிறதாம். முனை சேரும் கதையைக் கேட்டுச் சிரித்தார். இரண்டாம் தரம் வந்திருக்கிறதே என்று சர்க்கரையும் பார்க்கச் சொன்னார். இருந்தது.

பண்டாரவளை:
அக்கா, என் அப்பாவுக்கு நெற்றியில் தொடங்கி மூக்கு நுனி வரை இறங்கிவிட்டது. மூக்கு நுனியில் கண்டால் கண்ணையும் பாதிக்கக்கூடும் என்று அன்றே கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அப்பா தூக்கலாமா?

டிக்கோயா:
எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வேண்டாம் தம்பி. குழந்தைக்கு அக்கி ஒட்டாது, ஆனால் சின்னம்மை வரலாம். நானும் பேத்தியைப் பத்து நாள் தொடவில்லை. மாமியார்தான் வைத்திருந்தார். காவி எழுத விடவில்லை என்ற கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.