குழு: கும்பகோணம் வீடு (மார்ச் லீவும் ஆர்.வி.யும்)

சுரேஷ், சாண்ட்லர், அரிசோனா (இரவு 7:52): ஸ்பிரிங் பிரேக்குக்கு ஆர்.வி. பார்த்துவிட்டேன். 30 அடி வண்டி, 7 பேர் படுக்கலாம், ஒரு இரவுக்கு 149 டாலர்தான்! ஓட்டலில் இரண்டு அறை போட்டால் இதைப் போல இரண்டு மடங்கு. 6 இரவு. கிராண்ட் கேன்யன், பேஜ், மானுமென்ட் வேலி, திரும்ப வீடு. இன்றைக்கே புக் செய்துவிடட்டுமா?

கார்த்திக், டாலஸ் (7:55): அத்தான், அவசரப்பட்டுக் கார்டைத் தேய்த்துவிடாதீர்கள். 149 என்பது கடை வாசலில் தொங்கும் போர்டு. மைலுக்குத் தனியாகக் காசு உண்டா என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கும், பாருங்கள்.

சுரேஷ் (7:58): மைலுக்கு 45 சென்ட். அது ஒரு காசா மச்சான்?

கவிதா, சாண்ட்லர் (7:59): மொத்தம் எத்தனை மைல்?

சுரேஷ் (7:59): 850 வரும்.

கவிதா (8:00): 382 டாலர் 50 சென்ட்.

சுரேஷ் (8:00): ...

அம்மா, கும்பகோணம் (8:04): ஆர்.வி. என்றால் என்னம்மா? பாஸ்போர்ட் மாதிரி ஏதாவதா?

கவிதா (8:05): பஸ்ஸுக்குள்ளேயே வீடு அம்மா. அடுப்பு, ஃபிரிட்ஜ், கட்டில், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும்.

அம்மா (8:07): அடுப்புக்குப் பக்கத்திலேயே பாத்ரூமா? அது எங்கே போகும்?

திவ்யா, டாலஸ் (8:08): அத்தை, இந்தக் கேள்விக்கு உங்கள் பிள்ளையைத்தான் கேட்க வேண்டும். அனுபவஸ்தர்.

கார்த்திக் (8:12): சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். வண்டிக்கு அடியில் இரண்டு டேங்க். சமையல், குளியல் தண்ணீர் ஒன்றில், டாய்லெட் மற்றதில். பிந்தையது பிளாக் டேங்க். போன தடவை நான் புத்திசாலி என்று நினைத்து, கேம்பில் சாக்கடைக் குழாயை மாட்டி, பிளாக் டேங்க் வால்வை மூன்று நாளும் திறந்தே வைத்துவிட்டேன். தண்ணீர் எல்லாம் ஓடிப்போனது, மற்றது உள்ளேயே கெட்டியாக நின்றுவிட்டது. கிளம்புகிற அன்று காலை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, குச்சி வைத்து... வேண்டாம், அம்மா இப்போதுதான் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

அம்மா (8:13): குடித்து முடித்துவிட்டேன். நல்ல வேளை.

கார்த்திக் (8:15): வால்வு மூடியே இருக்க வேண்டும். டேங்க் நிறைய வந்ததும் ஒரே மூச்சில் திறக்க வேண்டும். முதலில் பிளாக், பிறகு குளியல் தண்ணீர். அந்தச் சோப்புத் தண்ணீர் போய்க் குழாயைக் கழுவிவிடும். இந்த வேலைக்கு இந்த முறை வேறு ஆள் வேண்டும்.

சுரேஷ் (8:16): ஆள் விஷயம் அப்புறம் பேசலாம். மற்ற செலவு என்ன?

கார்த்திக் (8:21): பெட்ரோல். அந்த நீள வண்டி காலனுக்கு 8 மைல் கொடுத்தால் பெரிது. ஐ-17 நெடுஞ்சாலையில் பிளாக் கேன்யன் சிட்டி தாண்டி சன்செட் பாயின்ட் வரை ஏற்றத்தில் அதுவும் கிடைக்காது. ஃபீனிக்ஸ் 1,100 அடி உயரம், கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பான சவுத் ரிம் 7,000 அடி. அப்புறம் இன்சூரன்ஸ். பெரும்பாலான கிரெடிட் கார்டுகள் வாடகைக் காருக்குத் தரும் பாதுகாப்பை ஆர்.வி.க்குத் தருவதில்லை. உங்கள் கார் இன்சூரன்ஸ்காரரிடமும் போன் போட்டுக் கேளுங்கள். அடுத்து கிளீனிங், பிரெப் (வண்டியைத் தயார் செய்து தருவது) என்று ஒரு கட்டணம். கேம்பில் கரன்ட், தண்ணீர், சாக்கடை மூன்றும் உள்ள இடத்துக்கு வாடகை. மெத்தை விரிப்பு, பாத்திரம் இரண்டையும் அவர்களிடம் வாங்காதீர்கள், வீட்டிலிருந்து கொண்டு போகலாம்.

கவிதா (8:34): உட்கார்ந்து போட்டுவிட்டேன். 6 இரவு வாடகை 894. மைல் 383. பெட்ரோல் காலன் 3.50 என்று வைத்தால் 372. கேம்ப் இரவுக்கு 75 வீதம் 450. இன்சூரன்ஸ் நாளுக்கு 30 வீதம் 180. பிரெப் 125. ஆக 2,404. இதற்கு மேல் வரி. சாப்பாடு இன்னும் சேர்க்கவில்லை. பேஜ் பக்கத்தில் இருக்கும் ஆன்டலோப் கேன்யனுக்கு நவாஹோ பழங்குடிக் கைடு இல்லாமல் போகவே முடியாது. 7 பேருக்கு அது தனி பட்ஜெட்.

சுரேஷ் (8:36): 149 என்று பார்த்தது என் குற்றம்தான்.

திவ்யா (8:38): இன்னொரு விஷயம் அண்ணா. 7 பேர் படுக்கலாம் என்றால் 7 பேர் பத்திரமாக உட்கார்ந்து போகலாம் என்று அர்த்தமில்லை. இளன் கார் சீட்டை முன்பக்கம் பார்த்த இருக்கையில்தான் கட்ட வேண்டும். சோபா பக்கவாட்டில் பார்க்கும், டைனிங் பெஞ்சில் ஒன்று பின்பக்கம் பார்க்கும். மூன்று வயதுக் குழந்தையை அதில் கட்ட மாட்டேன்.

கவிதா (8:40): அப்படியானால் எங்கள் ஸியன்னா வேனும் கூட வரட்டும். நீயும் இளனும் நானும் அதில். ஆர்.வி.யில் இவர், கார்த்திக், ஆதி, நிலா. கேம்பில் ஒரு தடவை வண்டியை நிறுத்திக் குழாய் மாட்டிவிட்டால், பால் வாங்கப் போக மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதில்லை.

ஆதி (8:41): அங்கே வைஃபை இருக்குமா?

கவிதா (8:41): இருக்காது. நீ படிக்கும் டேபிளைச் சுத்தம் செய்.

கார்த்திக் (8:46): என் ஓட்டு, பேஜும் மானுமென்ட் வேலியும் வேண்டாம். மார்ச்சில் வட அரிசோனாவில் காற்று அடித்தால் வண்டி ஸ்டியரிங்கைப் பிடுங்கும். அதோடு மைலுக்குக் காசு கொடுக்கும்போது ஓடாமல் நிற்பதுதான் லாபம். கிராண்ட் கேன்யன் மட்டும், 4 இரவு, ஒரே இடம். பூங்காவுக்குள் இலவச ஷட்டில் பஸ் ஓடுகிறது.

சுரேஷ் (8:47): பேஜ் பக்கத்து ஹார்ஸ்ஷூ பெண்டாவது?

திவ்யா (8:48): அண்ணா, அங்கே பாறை விளிம்பில் கம்பி வேலி ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கிறது. இளனை வைத்துக்கொண்டு என்னால் ஃபோட்டோவுக்குச் சிரிக்க முடியாது.

கவிதா (8:57): 4 இரவுக் கணக்கு. வாடகை 596. போக வர, கொஞ்சம் சுற்ற என்று 520 மைல், 234. பெட்ரோல் 228. கேம்ப் 300. இன்சூரன்ஸ் 120. பிரெப் 125. மொத்தம் 1,603, வரியோடு 1,700-ஐ ஒட்டி வரும். வீட்டுக்குப் பாதி, 850. ஸியன்னா பெட்ரோல் எங்களுடையது, டாலஸிலிருந்து வரும் உங்கள் டிக்கெட் உங்களுடையது. சம்மதமா?

கார்த்திக் (8:58): சம்மதம் அக்கா.

கவிதா (9:01): பூங்காவில் ஒரு காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். நிலா நான்காம் வகுப்பு, அதனால் அவளுக்கு இலவசப் பாஸ் கிடைக்கும். ஆனால் அவள் எந்த வண்டியில் இருக்கிறாளோ அந்த ஒன்றுக்குத்தான். ஸியன்னாவுக்கு 35 எழுதிக்கொள்.

திவ்யா (9:03): கேம்ப் இடம் எது? மேத்தரா, டிரெய்லர் வில்லேஜா?

கார்த்திக் (9:06): டிரெய்லர் வில்லேஜ்தான். சவுத் ரிம் பூங்காவுக்குள் மூன்று இணைப்பும் அங்கே மட்டுமே. மேத்தரில் கரன்ட் கிடையாது, 30 அடிக்கு மேல் இடமும் இல்லை. ஆனால் மேத்தரில் ஒரு வசதி, காசு போட்டுக் குளிக்கும் இடம் இருக்கிறது. 7 பேர் வண்டியிலேயே குளித்தால் டேங்க் ஒரே நாளில் நிறைந்துவிடும். நாம் அங்கே போய்க் குளிப்போம். மார்ச் ராத்திரி உறைபனிக்குக் கீழே போகும், படுக்கும் முன் தண்ணீர்க் குழாயைக் கழற்றி உள்ளே வைக்க வேண்டும். மறந்தால் காலையில் ஐஸ் குச்சி.

அம்மா (9:10): குளிரில் குழந்தைகளுக்குச் சூடாகப் போடு. புளிக்காய்ச்சல் செய்து எடுத்துப் போ, பல நாள் தாங்கும். மாப்பிள்ளைக்கு வத்தக்குழம்பு பொடி அனுப்பட்டுமா?

சுரேஷ் (9:11): அனுப்புங்கள் அத்தை. புக் செய்துவிட்டேன். முன்பணம் போட்டாயிற்று.

கவிதா (9:12): அப்பளம் மட்டும் பொரிக்கக் கூடாது. அந்த எண்ணெய் வாசனை திரைச்சீலையில் ஏறினால் கிளீனிங் கட்டணம் மறுபடி கேட்பார்கள்.

திவ்யா (9:13): பிளாக் டேங்க் யார்?

கார்த்திக் (9:13): ஆர்.வி. யோசனை யாருடையது?

சுரேஷ் (9:19): சரி. ரப்பர் கையுறை என் செலவு. அதையும் கணக்கில் எழுது கவிதா.

கவிதா (9:20): 6 டாலர். எழுதிவிட்டேன்.

கவிதா (9:24): மாமா, நான் நிலா. அம்மா போன். டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கிற படுக்கை எனக்கு. ஆதிக்குக் கொடுக்காதீங்க.