அறுகம்பேயில எங்கட பீட்சா அடுப்புக் கண்ணாடி வெடிச்ச அனுபவம்

இலங்கையிட கிழக்குக் கடற்கரையில இருக்கிற அறுகம்பேயில நாங்க சின்னதா ஒரு சாப்பாட்டுக் கடை வச்சிருக்கம், விறகு போட்டு பீட்சா சுடுற இரும்பு அடுப்பு, கதவுல கண்ணாடி. மாரி முழுக்கப் பூட்டிக் கிடந்த கடைய சீசனுக்குத் திறந்து பார்த்தா கீழ் மூலையிலேர்ந்து நடுவரைக்கும் ஒரு வெடிப்பு. நெருப்பே மூட்டல்ல, எப்பிடி வெடிச்சதெண்டு விளங்கல்ல.

அவசரத்துக்கு அக்கரைப்பற்றுல கண்ணாடி வெட்டுற கடையில 5 மில்லிமீட்டர் ஜன்னல் கண்ணாடி எடுத்துப் போட்டன். முதல் நெருப்புக்கே டப்பெண்டு பிளந்து ஒரு துண்டு தம்பிட காலடியில விழுந்திச்சு, இப்பவும் நினைச்சா நெஞ்சு பதறுது, தயவுசெஞ்சு யாரும் அந்த வேல பாக்காதீங்க. டெம்பர் கண்ணாடி போடச் சொல்லுவாங்க, அதுவும் 250 பாகைக்கு மேல நெடுக நிண்டு பிடிக்காது, பீட்சா அடுப்பு 400 வரைக்கும் போகும். இதுக்கெண்டே செராமிக் கண்ணாடி இருக்கு, 700 பாகை தாங்கும், சூட்டுக்கு விரியிறதே இல்லாத மாதிரி. ஜெர்மனியில இருக்கிற மச்சான் லீவுல வரக்குள்ள 4 மில்லிமீட்டர்ல வெட்டி துவாய்க்குள்ள சுத்திக் கொண்டு வந்தார். ஓரத்த வெளிச்சத்துக்குப் பிடிச்சா லேசா பிளேன்டி (பால் விடாத தேத்தண்ணி) நிறம் தெரியும், ஜன்னல் கண்ணாடியெண்டா பச்ச.

மறுகா பழைய ஸ்குரூவெல்லாம் கழட்டினம். மூணு வந்திட்டு, வெடிப்புத் தொடங்கின அந்த மூலை ஸ்குரூ மட்டும் அசையல்ல, ராவு முழுக்க டீசல்ல ஊறவிட்டுத்தான் எடுத்த. கண்ணாடியப் பிடிக்கிற தகட்டுக்குக் கீழ பார்த்தா துரு அடுக்கடுக்கா தடிச்சு கண்ணாடிய அமத்திக் கொண்டே இருந்திருக்கு. கடல் காத்துல ஒரு மாரி போதும் அதுக்கு.

துருவச் சுரண்டி, சூடு தாங்குற புது நார்க் கயிறு வச்சு, சுத்திவர 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பொருத்தினம். ஸ்குரூவ முதல் விரலால, பிறகு மூலைக்கு மூலை மாத்தி மாத்தி கால் சுத்து, அவ்வளவுதான், கண்ணாடி கைக்கு லேசா ஆடணும், மேசன் கை வச்ச மாதிரி இறுக்கினா திரும்பவும் அதே கததான். முதல் நாள் சின்ன நெருப்பு மட்டும்.

சீசன் முழுக்க ஓடிட்டு, ஒரு கீறல் இல்ல. இந்த முறை மாரிக்குப் பூட்ட முதல் நாலு தகட்டையும் கழட்டி கிரீஸ் பூசி வீட்டுக்குக் கொண்டு போயிருவன்.