மொரிஸ் மைனர் டெப்பட் சத்தம்: ரொக்கர் ஷாஃப்டை மட்டும் மாற்றினால் போதுமா?

வெள்ளவத்தை_மைனர்:
அப்பா ஓடிய மொரிஸ் மைனர் 1000, 1098 சீசீ எஞ்சின். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டெப்பட் இடைவெளியை (ரொக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடுவது) 0.012 அங்குலத்துக்கு வைத்தும் டக் டக் சத்தம் போகவில்லை, காலி வீதி நெரிசலில் நின்றால் பக்கத்து ஓட்டோக்காரரே திரும்பிப் பார்க்கிறார். வால்வை அழுத்தித் திறக்கும் ரொக்கர்களைப் பிடித்து ஆட்டினால் ஆடுகின்றன. கராஜில் எஞ்சினை இறக்கச் சொல்கிறார்கள். ரொக்கர்கள் கோத்திருக்கும் ஷாஃப்டை மட்டும் மாற்றினால் சரிவருமா?

லேத்_கிராண்ட்பாஸ்:
தம்பி, எஞ்சினை இப்போது இறக்க வேண்டாம். ரொக்கர் செட்டைக் கழற்றி ஷாஃப்டின் அடிப்பக்கத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வால்வு ஸ்பிரிங், மறுபக்கம் கீழிருந்து தள்ளும் கம்பியான புஷ் ரொட், இரண்டும் ரொக்கரை மேல்நோக்கித் தள்ளுவதால் ஷாஃப்ட் தேய்வது அடியில்தான், மேலிருந்து பார்த்தால் புதிது போலவே இருக்கும். தேய்ந்த படியில் நகம் தட்டினால் ஷாஃப்ட் முடிந்தது. ஆனால் ரொக்கரின் துளைக்குள் இருக்கும் உள்வளையமான பழைய புஷ்ஷில் புது ஷாஃப்டைப் பூட்டினால் காசுதான் வீண். வார்ப்பு போலத் திடமான, அடித்துச் செய்த ரொக்கர் என்றால் புது வெண்கலப் புஷ் அடித்து, ஒயில் துளை போட்டு, ஷாஃப்டின் அளவுக்கு ரீமர் விட்டுத் துளையைச் சரிசெய்யலாம். தகட்டில் அழுத்திச் செய்த ரொக்கருக்குப் புஷ் மாற்ற முடியாது, ரொக்கரையே மாற்ற வேண்டும்.

இன்னொன்று, வால்வைத் தொடும் முனையில் குழி விழுந்திருக்கிறதா பாருங்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு குழியின் இரு கரையிலும் உட்கார்ந்துவிடும், உள்ளே இடைவெளி அதைவிடக் கூட. நீங்கள் 0.012 வைத்தும் சத்தம் வருவது இதனாலும் இருக்கலாம்.

பழையவண்டி_தெஹிவளை:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் கீழேயும் பார்க்காமல் காசைக் கொட்டாதீர்கள். மெனிஃபோல்டைக் கழற்றினால் பின்னால் டெப்பட் கவர் இரண்டு இருக்கும், கேம் ஷாஃப்டைத் தொடாமலே டெப்பட்டை (கேமின் மேல் உட்கார்ந்து புஷ் ரொட்டைத் தூக்கும் துண்டு) வெளியே எடுக்கலாம். புஷ் ரொட்டை ஒரேயடியாக உருவ வேண்டாம், ஒயில் பசையில் டெப்பட்டும் கூடவே மேலே வரும், மெல்லத் திருகி விடுவித்து எடுங்கள். எது எந்தத் துளையில் இருந்ததோ அதே துளைக்குத்தான் திரும்பப் போக வேண்டும், ஒரு அட்டையில் எட்டு ஓட்டை போட்டுக் குத்தி வையுங்கள். டெப்பட்டின் அடி வழவழப்பாக இருந்தால் நல்லது. பொட்டுப் பொட்டாகப் பெயர்ந்திருந்தால் கேமும் போயிருக்கும், தேய்ந்த கேமில் புது டெப்பட் நிலைக்காது, அப்போதுதான் எஞ்சினை இறக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வெள்ளவத்தை_மைனர்:
நன்றி. கழற்றினேன், ஷாஃப்டின் அடியில் படி நன்றாகவே தட்டுகிறது. ரொக்கர்கள் திடமான வகை. டெப்பட்கள் எட்டும் வழவழப்பு. பஞ்சிகாவத்தையில் பழைய செட் ஒன்று கிடைக்கும் என்கிறார்கள், வாங்கலாமா?

லேத்_கிராண்ட்பாஸ்:
வேண்டாம், அதுவும் இதைப் போலவே ஓடித் தேய்ந்ததாகத்தான் இருக்கும். உங்கள் ரொக்கருக்கே புஷ் அடித்துப் புது ஷாஃப்டைப் போடுங்கள். பூட்டுமுன் ஒயில் ஏறும் துளைகளில் கம்பி விட்டுக் காற்றடியுங்கள், அங்கே கரி அடைத்தால் புதுப் புஷ்ஷும் காய்ந்துதான் ஓடும். டெப்பட் இடைவெளி வைக்கும்போது ஒன்பது கணக்கு, இரண்டு வால்வு இலக்கங்களையும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும்: 8ஆவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1ஆவதை வையுங்கள், 6 திறந்தால் 3. கொஞ்சம் ஓடிய பிறகு எஞ்சினைக் குளிரவிட்டு இன்னொரு தடவை பாருங்கள்.