வயிற்று வலியின் காரணத்தை வலிக்கும் இடத்தைக் கொண்டு அறிய முடியுமா?

நிலவன் கேட்டது:

சில மாதங்களாக எனக்கு வயிற்று வலி விட்டுவிட்டு வருகிறது. பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்குகிறது. மலம் கழித்தபின் பல வேளைகளில் தணிந்தும் விடுகிறது. இரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் குறை எதுவும் தென்படவில்லை என்று மருத்துவர் கூறிவிட்டார். வலிக்கும் இடத்தை வைத்து எந்த உறுப்பில் கோளாறு என்று அறிய முடியுமா? பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றால் இந்த வலி எங்கிருந்து வருகிறது? வலி வரும்போது ஐபுபுரூஃபன் போட்டுக்கொள்வது சரிதானா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மருதன் எழுதியது:

அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். இடம் ஒரு துப்புதான். அதை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது. குடல், இரைப்பை, பித்தப்பை ஆகியவற்றிலிருந்து செல்லும் நரம்புகள் தண்டுவடத்தின் இரு பக்கங்களிலும் பல மட்டங்களில் கலந்து நுழைவதால், மூளையால் அவ்வலியின் இடத்தைத் துல்லியமாகக் குறிக்க இயலாது. ஆகவே அது வயிற்றின் நடுக்கோட்டில் மந்தமாக உணரப்படுகிறது. ஆனால் வயிற்றறையின் உட்சுவரை மூடியிருக்கும் உறையில் அழற்சி தொட்டுவிட்டால், வலி கூர்மையாகி ஒரே இடத்தில் நிலைத்துவிடும். குடல்வால் அழற்சியில் தொப்புளைச் சுற்றித் தொடங்கும் வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு நகர்வது இதனால்தான்.

பித்தப்பை வலி வலது தோள்பட்டையில் தெரிவதும், கணைய அழற்சியின் வலி முதுகுக்கு ஊடுருவுவதும், சிறுநீரகக் கல்லின் வலி விலாவிலிருந்து கவட்டை நோக்கி இறங்குவதும் நரம்புகளின் இந்தப் பின்னலால் நிகழ்பவையே. நோயாளி எப்படிப் படுத்திருக்கிறார் என்பதையும் நாங்கள் முதலில் கவனிப்போம். கல் வலியில் துடிப்பவர் ஒரு நிலையில் இருக்க மாட்டார். வயிற்றறை உறையில் அழற்சி உள்ளவரோ இருமுவதற்கும் அஞ்சி அசையாமல் கிடப்பார். எனவே மருத்துவரிடம் செல்லும்போது, வலி எங்கே என்பதோடு நின்றுவிடாமல், அது எப்படித் தொடங்கியது, எங்கே நகர்ந்தது, எதனால் கூடியது, எதனால் குறைந்தது, உடன் வேறு என்ன இருந்தது என்பனவற்றை எழுதிக் கொண்டு செல்லுங்கள்.

தேன்மொழி எழுதியது:

மாத்திரை பற்றிய கேள்விக்கு மட்டும் மறுமொழி தருகிறேன். மருந்தாளுநர் என்ற முறையில் இதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். காரணம் தெரியாத வயிற்று வலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் ஆகியவற்றைத் தாமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின்களின் உற்பத்தியை இவை தடுப்பதால், புண்ணையும் இரத்தக்கசிவையும் உண்டாக்கக்கூடும். பாராசிட்டமால் அவ்வகையில் பாதுகாப்பானது. ஆயினும் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் உடல் எடை குறைந்தவர்களுக்கும் அளவு இதனினும் குறைவு.

மேல்வயிற்றில் எரிச்சலும் வலியும் இருப்பவர்கள் ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவுக்கான பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அல்சருக்கு மனக்கவலையும் காரமும்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1982இல் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தப் பாக்டீரியாவை வளர்த்துக் காட்டியபின் அக்கருத்து மாறியது, அதற்காக 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூச்சுப் பரிசோதனைக்கோ மலப் பரிசோதனைக்கோ முன் ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக்குகளை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொற்று இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். மருத்துவர் எழுதித் தந்த மருந்தாக இருந்தால் அவரிடம் கேட்டபின்பே நிறுத்துங்கள்.

கயல் எழுதியது:

நிலவன், உங்கள் விவரிப்பில் எனக்குப் பட்டது மலம் கழித்தபின் தணிகிறது என்பதே. எனக்கு ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய் இருப்பதாக உறுதிசெய்யப்பட்டு, அதனோடு பல ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். உங்களுக்கும் அதுதான் என்று நான் கூறவில்லை. அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். இந்நோயைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2016இல் வெளியான ரோம் நான்காம் அளவுகோலின்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்தில் ஒரு நாளேனும் வலி இருந்து, அது மலம் கழிப்பதோடு தொடர்புடையதாகவோ, மலம் கழிக்கும் எண்ணிக்கையோ மலத்தின் தன்மையோ மாறுவதோடு சேர்ந்தோ இருக்க வேண்டும். இம்மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும், தொல்லை தொடங்கி ஆறு மாதமும் ஆகியிருக்க வேண்டும்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதை வலியே இல்லை என்று சிலர் பொருள்கொள்வது எனக்குப் பெரும் வேதனையைத் தந்திருக்கிறது. இந்நோய் உள்ளவர்களின் குடலுக்குள் சிறு பலூனை வைத்து விரித்துப் பார்த்தபோது, அவர்களில் பலர் மற்றவர்களைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே வலியை உணர்ந்தனர். குடலின் வடிவம் சரியாக இருக்கிறது, அதன் உணர்வு கூடியிருக்கிறது; ஸ்கேன் வடிவத்தைத்தான் காட்டும்.

எனக்கு உதவியவை வெந்நீர் ஒத்தடம், இசப்கோல் போன்ற கரையும் நார்ச்சத்து, குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்த மருத்துவர் தந்த மெபெவெரின் மாத்திரை. தவிடு போன்ற கரையாத நார்ச்சத்து பலருக்கு உப்புசத்தைக் கூட்டுகிறது. கோதுமையை நிறுத்திப் பார்க்கலாம் என்று தோன்றினால், அதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான (கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். நிறுத்தியபின் செய்தால் அது நோயைக் காட்டாமல் போகலாம்.

நிலவன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. எந்நிலையில் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் மருதன் கூறினால் உதவியாக இருக்கும்.

மருதன் எழுதியது:

திடீரெனத் தாங்க முடியாத வலி, தொட்டால் பலகைபோல் இறுகிய வயிறு, காய்ச்சலோடு கூடிய வலி, நிற்காத வாந்தி, இரத்த வாந்தி, தார் போன்ற கரிய மலம், மலமும் வாயுவும் அறவே வெளியேறாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே செல்லுங்கள். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்று வலியும் மயக்கமும் வந்தால் கருக்குழாயில் கரு தங்கியிருக்கக்கூடும். ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. மேல்வயிற்று வலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம், குறிப்பாக முதியவர்களிடமும் நீரிழிவு உள்ளவர்களிடமும்.

காரணமின்றி எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, இரத்தசோகை, மலத்தில் இரத்தம் ஆகியவை நாள்பட்ட வலியோடு சேர்ந்தால் அதை ஐ.பி.எஸ். என்று ஒதுக்கிவிடாமல் மேலும் ஆராயச் சொல்லுங்கள். வலி நிவாரணி கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்று அஞ்சி, மருத்துவமனைக்கு வந்தபின்பும் வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பவர்களை நான் காண்கிறேன். அங்கே முறையாகத் தரப்படும் வலி நிவாரணி நோயறிதலைக் கெடுப்பதில்லை, தயங்காமல் கேளுங்கள். வலி இருக்கும்போது பேதியாகச் செய்யும் மருந்து மட்டும் தாமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.