காதலர் தினத்துக்கு ட்வைன் பாணிப் படம் செய்கிறேன், அட்டை காயவே மாட்டேன் என்கிறது

கியூர்பிப் மழை:
என் வீட்டுக்காரர் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் மேல் பைத்தியம். அதனால் இந்தப் பிப்ரவரி 14க்குக் கடையில் எதுவும் வாங்காமல் கையாலேயே செய்து கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். ட்வைன் தன் மனைவி ஒலிவியாவின் முகத்தை முதன்முதலில் பார்த்தது படத்தில்தான். 1867இல் ட்வைன் பயணம் போன குவேக்கர் சிட்டி கப்பல் ஸ்மிர்னா (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) விரிகுடாவில் நின்றபோது, ஒலிவியாவின் தம்பி சார்லியின் அறையில், தந்தத்தில் தீட்டிய ஒரு சின்னப் படம். அதைப் போல உள்ளங்கைக்குள் அடங்குகிற முட்டை வடிவப் படம் ஒன்று, என் முகத்தோடு (சிரிக்காதீர்கள்). கல்யாணப் படத்தை இங்க்ஜெட்டில் எடுத்து அட்டையில் ஒட்டி, தந்த நிறம் வரட்டும் என்று மேலே தேயிலைச் சாயம் தடவினேன், மூக்கு கரைந்து தாடைக்கு வந்துவிட்டது. மூன்று நாளாகியும் காயாமல் அட்டை ஓரம் சுருண்டு அப்பளம் மாதிரி கிடக்கிறது. வேறு வழி இருக்கிறதா?

ரோஸ் ஹில் டீச்சர்:
வரிசையை மாற்றுங்கள் அக்கா. முதலில் வெறும் அட்டைக்குச் சாயம், நன்றாகக் காய்ந்த பிறகு படம். இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் ஓடும், ஜெராக்ஸ் ஓடாது. வெனிலா தேயிலை போட்டால் வாசனையும் கொஞ்சம் தங்கும். இந்த மாதத்தில் நம் மொரீசியஸ் காற்றே ஈரம்தானே, அதனால் பிஸ்கட் டப்பாவில் பச்சரிசி பரப்பி, அட்டையைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து மூடி, மேலே கனமான புத்தகம் ஏற்றிவிடுங்கள். சட்டத்துக்குக் கூடை முடைகிறவர்களிடம் வாக்குவா ஓலைத் துண்டு கேளுங்கள் (நம் தாழை இனம்தான்), மெல்லிசாகக் கீறி மூன்று புரியாகப் பின்னினால் வளைவுக்கு அழகாக மடங்கும். மேலே நகப்பூச்சு அடித்தால் பளபளக்கும்.

போர்ட் லூயிக்காரன்:
நகப்பூச்சு வேண்டவே வேண்டாம், ஜெராக்ஸ் மையைக் கரைத்துவிடும், பட்டவன் சொல்கிறேன். பிரியாணி டப்பாவின் கண்ணாடி போன்ற மூடியை அதே அளவில் வெட்டி மேலே வைத்தால் போதும்.

அப்புறம் ஒன்று. மொரீசியஸைப் பார்த்துத்தான் சொர்க்கத்தைப் படைத்தார்கள் என்ற வரியை உள்ளே எழுதிவிடாதீர்கள். எல்லாரும் அதை ட்வைன் நம்மைப் புகழ்ந்ததாகவே போட்டுக்கொள்கிறார்கள். அவர் 1896இல் ஒலிவியாவோடு இங்கே வந்துவிட்டு மறுவருடம் எழுதிய பயண நூலில், உள்ளூர்க்காரர் ஒருவர் அப்படிச் சொன்னதாகத்தான் இருக்கிறது. அடுத்த ஆள் அதெல்லாம் மிகை என்கிறார், உலகத்திலேயே அதிகம் மழை கொட்டும் இடம் உங்கள் ஊர் கியூர்பிப் என்கிறார்! அதற்குப் பதில் ட்வைனின் ‘ஏவாளின் நாட்குறிப்பு’ கதை முடிவில் ஆதாம் சொல்வது பொருந்தும்: அவள் இருந்த இடமே ஏதேன்.

ரோஸ் ஹில் டீச்சர்:
தம்பி, ஆதாம் அதைச் சொல்வது ஏவாளின் கல்லறையில். ஒலிவியா 1904இல் இறந்ததற்கு அடுத்த வருடம் வந்த கதை அது. காதலர் தினத்துக்குப் போய்...

கியூர்பிப் மழை:
எனக்கு அந்த மழை வரியே போதும். கல்யாணமாகி என்னை இந்த ஊருக்குக் கூட்டி வந்தவரே வீட்டுக்காரர்தானே, படத்துக்குப் பின்னால் அதைத்தான் எழுதப் போகிறேன். அட்டை இப்போது அரிசிக்குள் இருக்கிறது. வீட்டில் சமையல் அவர், நாளைக்குள் காய்ந்தாக வேண்டும்.