பழைய ஜிடிஓவை விற்றபோது வீட்டுக்கு வந்தவர்கள்: அனுபவப் பகிர்வு

டிராய், மிச்சிகனிலிருந்து:

நானும் என் மகனும் சேர்ந்து புதுப்பித்த 1969 பான்டியாக் ஜிடிஓவைச் சென்ற கோடையில் விற்றுவிட்டேன். வெர்டோரோ பச்சை நிறம், நான்கு கியர், என்ஜின் மூடியின் மேலேயே உட்கார்ந்திருக்கும், என்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர். அந்தக் கிளட்சை மிதிக்க என் முழங்கால் இனி இடம் கொடுக்காது. மகனோ வேறு மாநிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறான். விற்பது என்று முடிவு செய்தபின் வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றி எழுதுகிறேன். பெரிய என்ஜின் வைத்த பழைய அமெரிக்க மசில் கார் ஒன்றைக் கையில் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது உதவும்.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிறகு வரும் எல்லாமே அதில்தான் தொங்குகிறது. 1964-இல், ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவான பான்டியாக்கின் பொறியாளர்கள் டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காருக்குள் 389 கன அங்குல என்ஜினைப் பொருத்தினார்கள். அந்த அளவுக் கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் விதி. அதனால் ஜிடிஓவைத் தனி மாடலாக அறிவிக்காமல், விரும்பியவர் கேட்டு வாங்கும் கூடுதல் தொகுப்பாக விற்றார்கள். அந்த ஆண்டே முப்பத்திரண்டாயிரத்துக்கும் மேல் விற்றது. 1966-இல் அது தனி மாடல் ஆயிற்று. ஆகவே 1964, 1965 கார்களின் சேசிஸ் எண்ணைப் பார்த்து ஜிடிஓவா இல்லையா என்று சொல்ல முடியாது. 1966 முதல் சில ஆண்டுகளுக்கு 242 என்று தொடங்கும் எண்ணே சொல்லிவிடும். என் காரின் எண் 242379 என்று தொடங்கும், அடுத்த எழுத்து 'பி' (P). அதாவது ஜிடிஓ, நிலையான கூரை கொண்ட இரண்டு கதவுக் கார், 1969, பான்டியாக் நகரத்துத் தொழிற்சாலை.

இவ்வளவும் நல்ல செய்தி. குறை என்னவென்றால், அதில் இருக்கும் என்ஜின் அந்தக் காரோடு பிறந்தது அல்ல. பிஎச்எஸ் என்று ஓர் ஆவணச் சேவை இருக்கிறது. பான்டியாக் தொழிற்சாலையின் பழைய விலைச்சீட்டுப் பதிவுகள் அவர்களிடம் உள்ளன. சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால் நகல் அனுப்புவார்கள். கார் நான்கு கியருடன் வெளியே போனது என்று என் நகல் சொல்கிறது. என்ஜின் கட்டையில் பொறித்திருக்கும் இரண்டெழுத்துக் குறியீடோ 'ஒய்எஸ்' (YS). அது தானியங்கி கியர் வண்டிக்கு உரிய 350 குதிரைத்திறன் என்ஜின். கைக் கியர் வண்டியென்றால் 'டபிள்யூடி' (WT) இருந்திருக்க வேண்டும். எனக்கு முன் வைத்திருந்த யாரோ மாற்றியிருக்கிறார்கள். அதே 400 கன அங்குலம், அதே ஆண்டு, ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது. விலையில் தெரியும்.

விளம்பரத்தின் முதல் வரியிலேயே இதை எழுதினேன். பக்கத்து வீட்டு நண்பர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அந்த ஒரு வரிதான் வந்தவர்களைப் பிரித்துக் காட்டியது.

முதலில் வந்தவர் வியாபாரி. காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. நேராக விலைக்கு வந்தார். நான் சொன்னது நாற்பதாயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவு. அவர் அதில் பாதியைச் சொல்லி, ரொக்கத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். கோபப்பட எதுவுமில்லை, அது அவர் தொழில். தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்தவரைத்தான் மறக்க முடியவில்லை. மிகவும் மரியாதையான மனிதர், காரைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர். 1969-இல் 'தி ஜட்ஜ்' என்ற பெயரில் சிறப்புத் தொகுப்பு ஒன்று வந்தது. பின்னால் இறக்கை, பக்கவாட்டில் பட்டைக் கோடுகள், ராம் ஏர் என்ற கூடுதல் வலுவான என்ஜின். அந்த ஆண்டு செய்தது மொத்தம் 6,833 தான். அதுவும் கூடுதல் தொகுப்பு என்பதால் சேசிஸ் எண்ணில் அதன் தடயம் இருக்காது. அவர் கேட்டது இதுதான்: பிஎச்எஸ் நகலைக் கொடுக்க வேண்டாம், என்ஜின் விவரத்தை விற்பனைச் சீட்டில் எழுத வேண்டாம், நான் கேட்ட விலைக்கு மேலேயே தருகிறேன். இறக்கையையும் கோடுகளையும் என்ன செய்யப்போகிறார் என்று நான் கேட்கவில்லை, தெரிந்துவிட்டது. முடியாது என்றேன். அவர் வருத்தப்படாமல் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

இதில் எனக்கு வேறு எண்ணமே இல்லை. புதுப்பித்தல் என்பது ஒரு பொருளின் உண்மையை மீட்பது. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டினோமே, அந்த வேலையின் முடிவு யாரோ ஒருவரை ஏமாற்றும் போலி ஜட்ஜாக இருக்கக்கூடாது. நடைமுறையிலும் அது வீண் வேலை: அதே சேசிஸ் எண்ணைக் கொடுத்து நாளை வேறொருவர் பிஎச்எஸ் நகலை வாங்கிவிடலாம்.

கடைசியில் வாங்கியவர் ஒஹாயோ மாநிலம் டொலிடோவிலிருந்து வந்த ஓர் இளம்பெண், லாரி மெக்கானிக். வருவதற்கு முன் தொலைபேசியில், தயவுசெய்து என்ஜினை முன்கூட்டியே ஓட்டி வைக்காதீர்கள் என்றார். வந்ததும் முதலில் என்ஜின் மூடியைத் திறந்து, புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் கை வைத்துப் பார்த்தார். ஆறியிருந்தது. சூடான என்ஜின் பல நோய்களை மறைத்துவிடும். ஆறிய என்ஜின் கிளம்பும் விதத்தில்தான் கார்புரேட்டரும் வால்வும் எண்ணெய் அழுத்தமும் பேசும். பிறகு மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை எடுத்துப் பின்சக்கர வளைவுகளின் கீழ்ப்பகுதியிலும், பின்கண்ணாடியின் அடி விளிம்பிலும், டிக்கியின் மழைநீர்க் கால்வாயிலும் ஓட்டினார். இந்தக் கார்களில் துரு முதலில் தேடும் இடங்கள் அவை. தகடு இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்கும், பட்டி தடித்திருக்கும் இடத்தில் நழுவும். நாங்கள் வேலை செய்த காலத்துப் புகைப்படங்களை அங்கேயே மேசையில் பரப்பினேன். காந்தம் சொன்னதையும் படம் சொன்னதையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கீழே படுத்து விளக்கடித்தபோது என்ஜினின் பின்புறத்தில் எண்ணெய்க் கசிவைக் கண்டார். பான்டியாக் என்ஜின்களில் கிராங்க் தண்டின் பின் அடைப்பு கயிறு போன்றது, கசிவதில் பெயர்போனது. அதைச் சரிசெய்யும் கூலியைக் கணக்கிட்டு அவ்வளவை மட்டும் குறைக்கச் சொன்னார். அந்தக் கணக்கு நியாயமாக இருந்தது, குறைத்தேன். புதுப்பிக்கச் செலவழித்த தொகை திரும்பி வந்ததா என்று கேட்பவர்களுக்கு: வரவில்லை. வண்ணப்பூச்சுக்கும் குரோம் பூச்சுக்கும் கொடுத்ததை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். அந்தச் சனிக்கிழமைகள் என் மகனோடு கழிந்தவை. அதை நான் விலையில் சேர்க்கவில்லை.

டாலஸ், டெக்சாஸிலிருந்து:

ஐயா எழுதியதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என்னுடையது 1970 செவ்ரலே செவெல். செவெல்காரர்களின் நிலைமை இன்னும் மோசம். அந்த ஆண்டுச் சேசிஸ் எண் வி-8 மாலிபு என்று மட்டும் சொல்லும், அதிக விலை போகும் எஸ்எஸ் தொகுப்பு உண்டா என்று சொல்லாது. பான்டியாக்குக்கு இருப்பதுபோன்ற பதிவுச் சேவை, அமெரிக்காவில் விற்ற செவ்ரலேக்களுக்குக் கிடையாது. கனடாவில் விற்றவற்றுக்கு மட்டும் உண்டு. காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று தொழிற்சாலையில் அடித்த கட்டுமானத் தாள் பெட்ரோல் டேங்கின் மேலோ இருக்கை ஸ்பிரிங்குகளுக்கிடையிலோ அகப்பட்டால் அதிர்ஷ்டம். என் காரில் எலி தின்ற மிச்சம்தான் கிடைத்தது. அதனால் மாலிபு என்றே விற்றேன்.

நான் சொல்ல வந்தது பணம் பற்றி. மின்னஞ்சலில் ஒருவர் ஒரு கேள்வியும் கேட்காமல் முழு விலைக்கும் சம்மதித்தார். காரைப் பார்க்கவும் வரவில்லை. வங்கி எழுதித் தரும் கேஷியர்ஸ் காசோலை கூரியரில் வந்தது, விலையைவிடப் பல ஆயிரம் அதிகமாக. மிச்சத்தைக் கார் ஏற்றிச்செல்ல வரும் லாரிக்காரருக்கு உடனே அனுப்பச் சொன்னார். அந்தக் காசோலையை என் வங்கிக் கணக்கில் போடவேயில்லை. காசோலையில் பெயர் இருந்த வங்கியின் எண்ணை நானே தேடி எடுத்து அழைத்தேன். அப்படி ஒரு காசோலை எழுதப்படவே இல்லை என்றார்கள். இத்தகைய காசோலையைப் போட்டால் மறுநாளே பணம் கணக்கில் தெரியும், போலி என்பது சில வாரம் கழித்துத்தான் வெளிப்படும். இடையில் லாரிக்காரருக்கு அனுப்பிய பணம் நம்முடையது. வாங்குபவரின் வங்கிக்கே அவரோடு போய், நம் கண்முன் எழுதித் தரும் காசோலையை வாங்குங்கள். அல்லது கணக்குக்குக் கணக்கு மாற்றச் சொல்லி, வந்து சேர்ந்தது என்று உங்கள் வங்கி சொல்லும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து:

என் 1969 ஃபோர்டு மஸ்டாங் மாக் 1 ஸ்வீடனுக்குப் போயிற்று. அந்த நாட்டில் பழைய அமெரிக்கக் கார்கள் மேல் இருக்கும் பிரியம் இங்கேகூட இல்லை. வாங்கியவர் நேரில் வரவில்லை, ஆனால் டாலஸ் அண்ணன் சொன்ன ஆளைப்போலவும் இல்லை: உள்ளூர் ஆய்வாளர் ஒருவரைத் தம் செலவில் அனுப்பினார், வண்டியின் அடிப்பாகத்தை முழுக்கக் காணொளி எடுக்கச் சொன்னார், மார்ட்டி அறிக்கை கேட்டார். 1967 முதலான ஃபோர்டு கார்களுக்குத் தொழிற்சாலைத் தரவிலிருந்து எடுத்துத் தரும் அறிக்கை அது. சேசிஸ் எண்ணின் ஐந்தாவது எழுத்து 'எஸ்', அதாவது 390 என்ஜின். அறிக்கையும் அதையே சொன்னது. அதன்பின் பேச்சு சுருக்கமாக முடிந்தது.

ஏற்றுமதி செய்கிறவர்கள் கவனிக்க: உரிமைப் பத்திரத்தின் மூலமும் வண்டியும் கப்பலேறுவதற்குக் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன் சுங்கத் துறையிடம் போயிருக்க வேண்டும். பத்திரத்தில் பழைய கடன் பாக்கி பதிவாகி இருந்தால், கடன் கொடுத்தவரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் அனுப்ப முடியாது. கடனை அடைத்திருந்தாலும் விடுவிப்புச் சான்றை முன்பே வாங்கி வையுங்கள்.

டிராய், மிச்சிகனிலிருந்து:

பத்திரத்தைப் பற்றித் தம்பி சொன்னது நல்லதாயிற்று, நான் விட்டுவிட்டேன். மிச்சிகனில் விற்பவர்கள், முடிந்தால் வாங்குபவரோடு, வண்டிப் பதிவைக் கவனிக்கும் மாநிலச் செயலாளர் அலுவலகத்துக்கே போய்ப் பெயர் மாற்றிக் கொடுங்கள். போக முடியாவிட்டால் கையொப்பமிட்ட பத்திரத்தின் நகலைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும். நம்பர் பிளேட்டை நாம் கழற்றிக்கொள்ள வேண்டும், அது காரோடு போகாது. டொலிடோ பெண் வெளிமாநிலம் என்பதால் நகல் எடுத்துக்கொண்டேன். பிஎச்எஸ் நகல், புகைப்படங்கள், உதிரிபாக ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு அவரிடம் கொடுத்தேன். விற்பனைச் சீட்டில் என்ஜின் குறியீடு 'ஒய்எஸ்', காரோடு வந்ததல்ல என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டோம்.