ஆறு அங்குலக் கண்ணாடியும் எங்கள் 2025-ஆம் வருடமும்

வருடம் எப்படிப் போனது என்று ஒவ்வொருவராக எழுதி வருகிறீர்கள். ஊர் சுற்றியது, வேலை, பொழுதுபோக்கு என்று தனித்தனியாக எழுதத்தான் நானும் உட்கார்ந்தேன். முடியவில்லை. எங்கள் வீட்டில் மூன்றும் ஒரே கண்ணாடியைச் சுற்றித்தான் நடந்தன.

கோவையில் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் மெக்கானிக்கல் சீல் பிரிவில் இருக்கிறேன். பம்புக்குள் இருக்கும் தண்ணீர் தண்டு வழியாகக் கசியாமல் பிடித்து நிறுத்துவது இந்த சீல்தான். ஒரு வளையம் நிற்கும், இன்னொன்று அதன் முகத்தோடு முகம் ஒட்டிச் சுழலும். அந்த முகங்களை லேப்பிங் தட்டில் தேய்த்து, மேலே ஆப்டிகல் ஃபிளாட் என்ற மிகத் தட்டையான கண்ணாடி வட்டை வைத்து, ஒற்றை நிற விளக்கின் கீழே தெரியும் வரிகளைப் பார்ப்போம். ஒரு வரி என்பது கால் மைக்ரானைவிடச் சற்று அதிகமான மேடு பள்ளம்; மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். இருபது வருடம் இதைச் செய்தும், இதே கைவேலையை வைத்து வீட்டில் தொலைநோக்கி செய்யலாம் என்று தோன்றியதே இல்லை. தோன்ற வைத்தவள் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள். பொங்கல் விடுமுறையில், "அப்பா, சனியோட வளையத்தை நம்ம மாடியிலிருந்து பார்க்க முடியுமா?" என்று கேட்டாள்.

இந்த வகைத் தொலைநோக்கிக்கு வெளிச்சத்தைக் குவிக்க ஒரு குழிக் கண்ணாடி வேண்டும். அதற்காக ஆறு அங்குல விட்டத்தில் இரண்டு கண்ணாடி வட்டுகள் வாங்கினோம். ஒன்றைக் கீழே ஒரு பழைய டிரம்மின் மேல் பொருத்திவிட்டு, நடுவில் கார்போரண்டம் என்ற தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் விட்டு, இன்னொன்றை மேலே வைத்துத் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னுமாகச் சில தடவை, பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி, நாமும் டிரம்மைச் சுற்றி ஓர் அடி நகர்ந்து மறுபடியும். அப்படித் தேய்க்கத் தேய்க்க மேலே இருப்பது குழியும், கீழே இருப்பது புடைக்கும். இதற்கு எந்த வார்ப்பு அச்சும் வேண்டாம். இரண்டு பரப்புகள் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒட்டி நகர வேண்டுமென்றால் அவை கோளத்தின் பகுதியாக ஆவதைத் தவிர வேறு வழியில்லை. வேலையில் தட்டையான முகத்தையே பார்த்துப் பழகிய எனக்கு இது புரிந்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

நான்கு அடி குவியத் தூரத்துக்கு நடுவில் வேண்டிய குழி 1.2 மில்லிமீட்டர்தான். ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து ஃபீலர் கேஜை, அதாவது கனம் குறித்த மெல்லிய தகடுகளை, நுழைத்து அளந்தோம். 80-ஆம் நம்பர் பொடியில் அந்த ஆழம் வந்தது. அப்புறம் 120, 220, 320, 500 என்று பொடி மென்மையாகிக்கொண்டே போகும். ஒவ்வொரு நம்பரும் அதற்கு முந்தைய நம்பர் போட்ட குழிகளை அழிப்பதற்காகத்தான்.

பிப்ரவரி நடுவில் 320-இல் தேய்த்துக்கொண்டிருந்தபோது 'கிரீச்' என்று ஒரு சத்தம். தூக்கிப் பார்த்தால் கண்ணாடியின் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரு கீறல். பொடி மாற்றும்போது வாளியையும் மேசையையும் கழுவினேன். துண்டை மட்டும் மாற்றவில்லை. அதில் ஒட்டியிருந்த ஒரே ஒரு 80-ஆம் நம்பர் துகள் செய்த வேலை அது. திரும்ப 220-க்குப் போனோம். இரண்டு வாரம் போயிற்று. மகள் அழவில்லை. ஒவ்வொரு பொடிக்கும் தனித் துண்டு, தனி டப்பா, தனி பிரஷ் என்று அன்றே பெயர் எழுதி ஒட்டிவிட்டாள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், மே மாதம் தொழிற்சாலையில் இதேதான் நடந்தது. கோடைதான் எங்களுக்கு சீசன். ஓவர்டைம் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு லாட் சீல் முழுக்க சோதனையில் கசிந்தது. ரப்பரைச் சந்தேகித்தார்கள், ஸ்பிரிங்கைச் சந்தேகித்தார்கள். நான் முகங்களை விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தேன். என் கண்ணாடியில் இருந்தது போலவே மெல்லிய வில் வடிவக் கீறல். முரட்டு பேஸ்ட் தட்டில் வேலை செய்த துணியை மென்மையான தட்டுக்கும் எடுத்துப் போயிருக்கிறார்கள். இருபது வருட அனுபவத்தில் இதை நான் கண்டுபிடித்திருக்க வேண்டும்தான். ஆனால் அன்று என்னை நேராக அந்தத் துணியிடம் கொண்டுபோனது மாடியில் கேட்ட அந்தச் சத்தம். இப்போது எங்கள் பிரிவில் தட்டுக்கு ஒரு நிறம் என்று துணி வைத்திருக்கிறோம். புதிதாகச் சேர்ந்த நான்கு பயிற்சிப் பையன்களுக்கு முதல் நாள் பாடமே கை கழுவுவதுதான்.

மெருகேற்றுவதற்கு பிட்ச் வேண்டும். தார் போல இருக்கும். அதை உருக்கி ஊற்றி, வாய்க்கால் வெட்டி, சீரியம் ஆக்ஸைடு என்ற மெருகுப் பொடியைப் பூசித் தேய்க்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் அது இளகி வாய்க்கால்கள் மூடிக்கொண்டே வந்தன. அதனால் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் தேய்ப்போம். மனைவி காபி போட்டுக்கொண்டு மாடிக்கு வந்து விடிவெள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இருபது நாட்களும் நாங்கள் மூவரும் பேசிக்கொண்டது போல வேறு எப்போதும் பேசியதில்லை.

கண்ணாடி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஃபூக்கோ சோதனை. எட்டடி தள்ளி ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு, பக்கத்தில் ஒரு பிளேடு. திரும்பி வரும் வெளிச்சத்தை பிளேடால் வெட்டினால் கண்ணாடியின் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். ஹாலில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, இருட்டில் உட்கார்ந்தோம். மகள் கண்ணாடியின் மேல் விரலைப் பத்து விநாடி வைத்து எடுத்தாள். விரல் பட்ட இடத்தில் கண்ணாடி சூடாகி வீங்கி ஒரு குன்று போல எழுந்து நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல அமிழ்ந்தது. என் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. குனிந்து பார்த்துவிட்டு, "தொட்டாலே வளருதே கண்ணு" என்றார். நமக்கு வேண்டிய துல்லியம் தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அதை ஒரு பிளேடு காட்டிக் கொடுக்கிறது!

ஊர் சுற்றியதையும் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, சேலம், திருப்பத்தூர் வழியாக ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூருக்குப் போனோம். 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அதைக் கனவு கண்ட வானியலாளர் பாப்பு 1982-இல் காலமாகிவிட்டார். 1986-இல் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில் என்று கேட்டதும் மகள், "இவ்வளவு பெரிசையும் தேய்ச்சுத்தானா?" என்றாள். எங்கள் கீறல் நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை அப்போது. இரவு வானம் தெளிவாக இருந்தது. சிறிய தொலைநோக்கி ஒன்றில் வியாழனையும் அதன் நான்கு நிலாக்களையும் பார்த்துவிட்டு இறங்கினோம். போக நினைப்பவர்கள் பார்வையாளர் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மே கடைசியில் அம்மாவுக்காகப் பழனி. அங்கிருந்து கொடைக்கானல் ஏறினோம். 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்த இடம். நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. அத்தனை வருடமும் காலையில் யாரோ ஒருவர் வந்து மேகம் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்.

கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப வேண்டுமே, அந்த அலுமினியப் பூச்சுக்காக ஜூலையில் சென்னைக்கு ரயிலில் போனோம். கண்ணாடி மகளின் மடியில். முதல் தடவை பூசிக் கொடுத்ததில் ஓரத்தில் புகை படிந்தது போல ஒரு திட்டு. திரும்பக் கொடுத்து, நீக்கி, மறுபடி பூச வைத்தோம். நின்று கேட்டால்தான் நடக்கும், தயங்காதீர்கள்.

குழாய், பிளைவுட் பெட்டி எல்லாம் ஆகஸ்டில் முடிந்தது. செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம். அம்மா ஏழு மணிக்கே சாப்பிட்டு முடித்து, பாத்திரங்களில் தர்ப்பை போட்டுவிட்டு, மாடிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேகம் வந்து வந்து போயிற்று. பதினொரு மணிக்கு நிலா முழுதும் மறைந்து செம்பு நிறமானது. பன்னிரண்டு இருபது வரை அப்படியே இருந்தது. நிலவுக்குக் கிழக்கே சனி. வருடம் முழுக்கக் காத்திருந்தது அதற்குத்தான்.

மகள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "வளையம் எங்கப்பா? ஒரு கோடுதானே இருக்கு?"

அது எனக்கு முன்பே தெரியும். 2025 மார்ச்சில் பூமி சனியின் வளையத் தளத்தைக் கடந்தது. இந்த வருடம் முழுக்க வளையம் விளிம்புப் பக்கமாகத்தான் தெரியும். சொன்னால் தேய்ப்பதை நிறுத்திவிடுவாளோ என்று பயந்து ஜனவரியிலிருந்து சொல்லாமல் இருந்தேன். அது தப்பு. அன்று அவளிடம் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நோட்டை எடுத்து, ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் சனியின் நிலாவான டைட்டனுக்கு ஒரு புள்ளி வரைந்து தேதி போட்டாள்.

*

தூத்துக்குடிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பகிர்வு:

தம்பி, அந்தக் கோட்டை நானும் பார்த்திருக்கிறேன். 2009 ஜனவரியில், பள்ளியின் நாலு அங்குலத் தொலைநோக்கியில். பிள்ளைகள் எல்லாரும் "சார், புத்தகத்துல இருக்கிற மாதிரி இல்லையே" என்றார்கள். ஒவ்வொரு மாதமும் வரையச் சொன்னேன். அடுத்த வருடம் கோடு மெல்ல வளையமாக விரிவதை அவர்களே வரைந்தார்கள். வளையம் நன்றாகத் தெரியும் வருடத்தில் தொடங்கியிருந்தால் ஒரே இரவில் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

அதே கூட்டத்தை 2010 ஜனவரி 15 அன்று, மாட்டுப் பொங்கல் நாளில், தனுஷ்கோடிக்கு வேன் பிடித்துக் கூட்டிப் போனேன். கங்கண சூரிய கிரகணம். உச்சி வெயில் மங்கி, மணலில் நிழல்கள் விசித்திரமாகக் கூர்மையாகின. பத்து நிமிடம் வானத்தில் மோதிரம். பிள்ளைகளின் பெற்றோரில் பாதிப் பேர் அனுப்ப மறுத்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசினேன். உங்கள் தாயார் தர்ப்பை போட்டுவிட்டு மாடிக்கு வந்தார் என்று படித்ததும் அந்த வீடுகள் நினைவுக்கு வந்தன. அவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

*

ஷார்ஜாவிலிருந்து ஒருவர்:

எனக்கு வருடத்தில் முப்பது நாள்தான் ஊர். இந்தத் தடவை அப்பாவின் வால்வு ரேடியோவை எடுத்துப் பிரித்தேன். பழைய காகிதக் கெபாசிட்டர்கள் எல்லாம் மெழுகு வழிந்து கிடந்தன. ஒவ்வொன்றாக மாற்றினேன். ஊர் சுற்றவே போகவில்லை என்று வீட்டில் குறை. இருபத்தாறாவது நாள் வால்வு சிவந்து, ஒரு நிமிடம் கழித்து இரைச்சல் வந்தது. அந்தக் காலத்தில் இலங்கை வானொலி கேட்ட முள்ளை அப்பா அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே இப்போது ஒன்றும் வரவில்லை. இருந்தும் இரைச்சலைக் கேட்டபடியே உட்கார்ந்திருந்தார்.

உங்களிடம் ஒரு கேள்வி: பிட்ச் இளகியது என்றீர்களே, கோடையில் செய்யாமல் மார்கழியில் செய்தால் சரியாகுமா?

*

ஆசிரியர் ஐயாவுக்கு: மாதம் ஒரு படம் என்பதை மகளிடம் சொன்னேன். செப்டம்பரிலிருந்து நான்கு படம் வரைந்திருக்கிறாள். நவம்பர் கடைசியில் கோடு அநேகமாகக் காணாமலே போனது. வளையம் முழுதாக விரியும்போது, 2032 வாக்கில், அவளுக்குப் பத்தொன்பது வயது. அம்மா உங்கள் வணக்கத்தைக் கேட்டு, "அந்த வாத்தியாரைக் கோயமுத்தூருக்கு வரச் சொல்லு" என்றார்.

ஷார்ஜா நண்பருக்கு: மார்கழியில் எதிர்ப் பிரச்சினை. பிட்ச் கெட்டியாகிக் கண்ணாடியோடு ஒட்டாது. கட்டை விரல் நகத்தை அழுத்தினால் லேசாகத் தடம் பதிய வேண்டும், அதுதான் கணக்கு. கெட்டியாக இருந்தால் உருக்கும்போது சில சொட்டு டர்பன்டைன் சேர்க்கலாம், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பிறகு. எங்களுக்கும் இந்த மாதம் அந்த வேலை இருக்கிறது. எட்டு அங்குல வட்டுகள் வந்து சேர்ந்துவிட்டன. டிரம்மைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். ஐந்து துண்டுகள் ஐந்து நிறத்தில் கொடியில் காய்கின்றன.